சுழல்வகைப் பச்சைகுத்துப் பொறி: மின்பேனா முதல் மலிவுவிலைக் கருவி வரை

ஆய்வுச்சுருக்கம்

பச்சை குத்தும் மின்பொறிகள் இயக்க முறையால் இருவகைப்படும். மோட்டாரின் சுழற்சியை ஊசியின் மேல்கீழ் அசைவாக மாற்றும் ரோட்டரி ஒன்று. மின்காந்தச் சுருள்களால் இயங்கும் காயில் மற்றொன்று. காலத்தால் முந்தியது ரோட்டரியே. எனினும் இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் காயில் பொறியே தொழிற்கூடங்களை ஆண்டது. ரோட்டரி வழக்கொழிந்ததாகக் கருதப்பட்டுச் சிறைக்கூடங்களிலும் ஏழைகளின் கைகளிலும் மட்டும் உயிர்வாழ்ந்து, பின்னர் மிக மலிவான கருவியாகவும் மிக விலையுயர்ந்த கருவியாகவும் ஒரே காலத்தில் மீண்டு வந்தது. இம்மீட்சியின் வரலாற்றையும், குறைந்த விலைக் கருவியைத் தேர்ந்து பயன்படுத்துவதில் அவ்வரலாறு விட்டுச்சென்றுள்ள சிக்கல்களையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: பச்சை குத்துதல், மின்பேனா, ரோட்டரி பொறி, காயில் பொறி, காப்புரிமை, கார்ட்ரிட்ஜ், தொழில்நுட்ப வரலாறு.

முன்னுரை

உடலில் பச்சை குத்தும் வழக்கம் குறித்த ஆய்வுகள் பெரும்பாலும் உருவங்களையும் அவற்றின் பொருளையும் மையமிட்டவை. குலக்குறி, வேண்டுதல், காதல், துக்கம் என உருவத்தின் பின்னணி பேசப்படும் அளவுக்கு, அதனைத் தோலில் இறக்கிய கருவி பேசப்படுவதில்லை. கருவி ஒரு வெறும் இடைப்பொருள் என்ற எண்ணம் இதற்குக் காரணமாகலாம். ஆனால் எவர் பச்சை குத்தலாம், எவர் குத்திக்கொள்ளலாம், எவ்வளவு நேரத்தில், எவ்வளவு செலவில், எவ்வளவு நோவுடன் என்பவற்றையெல்லாம் முடிவு செய்தது கருவியே. கருவியின் விலையும் இவ்வரலாற்றின் புறச்செய்தி அன்று, அதன் உள்ளீடு.

மின்பொறியின் வரலாற்றைச் சொல்லும் வெகுமக்கள் நூல்கள் அனைத்தும் ஏறத்தாழ ஒரே வாய்ப்பாட்டைப் பின்பற்றுகின்றன. எடிசன் மின்பேனாவைக் கண்டுபிடித்தார். ஓ'ரைலி அதனைப் பச்சை குத்தப் பயன்படுத்தினார். வாக்னர் அதனைச் செம்மைப்படுத்தினார் என்பதே அது. இம்மூன்று கூற்றுகளிலும் உண்மை உண்டு. ஆயின் காப்புரிமை பெற்றவர்களை மட்டும் கோத்து எழுதப்படும் வரலாறு, காப்புரிமை அலுவலகத்தின் வாயிலை மிதிக்காதவர்களின் பங்கை முற்றாக விட்டுவிடுகிறது. ரோட்டரியைப் பொறுத்தவரை, விடுபட்ட அப்பகுதியே பெரிது.

காகிதத்தைத் துளைத்த பேனா

தாமஸ் ஆல்வா எடிசன் 1876ஆம் ஆண்டு ஆகஸ்டு 8ஆம் நாள் பெற்ற 180,857 எண்ணுள்ள அமெரிக்கக் காப்புரிமை, படியெடுக்கும் முறை ஒன்றைப் பற்றியது. பேனா வடிவத் தண்டின் உச்சியில் சிறிய மின்மோட்டார் ஒன்று பொருத்தப்பட்டிருந்தது. அது தண்டினுள் இருந்த ஊசியை நொடிக்கு ஏறத்தாழ 50 முறை மேலும் கீழும் இயக்கியது. எழுதுபவர் காகிதத்தின்மீது எழுதிச் செல்ல, எழுத்துகள் நுண்துளைகளாக விழும். அத்துளைத்தாளை மற்றொரு தாளின்மீது வைத்து மை உருளையை ஓட்டினால் படி கிடைக்கும். மின்மோட்டாரால் இயங்கி அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த முதற் கருவிகளுள் ஒன்றாக இது மதிக்கப்படுகிறது.

அலுவலகங்களுக்காக உருவான இக்கருவி நெடுங்காலம் நிலைக்கவில்லை. அமிலம் நிறைந்த மின்கலங்களைப் பேணுவது எழுத்தர்களுக்குத் தொல்லையாக இருந்தது. உச்சியில் மோட்டார் இருந்தமையால் பேனா தலைகனத்தது. மின்சாரமே தேவைப்படாத போட்டிக் கருவிகளும் வந்தன. துளைத்தாள் உத்தி மட்டும் தப்பிப் பிழைத்து, 1887இல் ஏ. பி. டிக் நிறுவனம் விற்கத் தொடங்கிய மிமியோகிராஃப் எனும் படியெடுப்புப் பொறியாக மறுபிறவி எடுத்தது. தமிழகப் பள்ளிகளில் வினாத்தாள் அச்சிடப் பயன்பட்ட சைக்ளோஸ்டைல் பொறியும் இதே குடும்பத்தைச் சேர்ந்ததே. ஆக, தேர்வுத்தாளும் பச்சை குத்தும் பொறியும் ஒருவகையில் பங்காளிகள்.

1877இல் எடிசன் பெற்ற மற்றொரு காப்புரிமை, மின்காந்தத்தின் ஈர்ப்பாலேயே ஊசியை இயக்கும் வடிவங்களையும் உள்ளடக்கியது. எனவே பின்னாளில் ரோட்டரி, காயில் எனப் பிரிந்த இரு மரபுகளுக்கும் வித்து ஓரிடத்திலேயே இருந்தது என்பது கருதத்தக்கது. ஒன்று மற்றொன்றின் வளர்ச்சி அன்று. ரோட்டரியைத் தொடக்கநிலை எனவும் காயிலை முதிர்நிலை எனவும் வகுக்கும் வழக்கமான கால்வழி இதனால் வலுவிழக்கிறது.

ஓ'ரைலியின் காப்புரிமையும் அதன் எல்லையும்

நியூயார்க் நகரின் பவுரி வட்டாரத்தில் தொழில் செய்த சாமுவேல் ஓ'ரைலி, 1891 டிசம்பர் 8இல் 464,801 எண்ணுள்ள காப்புரிமையைப் பெற்றார். பச்சை குத்தும் பொறி என்ற பெயரிலேயே அமெரிக்காவில் வழங்கப்பட்ட முதற் காப்புரிமை இதுவே. மோட்டாரின் சுழற்சியால் ஊசியை இயக்குவதும், ஊசிக்கு மை ஊட்டுவதும் இதன் அடிப்படை. முன்னரே ஒருவர் பெற்றிருந்த எழுதுகோல் காப்புரிமையைச் சுட்டி அலுவலர்கள் இதனை முதலில் ஏற்க மறுத்தனர் என்பதும் பதிவாகியுள்ளது. அம்மறுப்பு ஒரு செய்தியைத் தருகிறது: துடிக்கும் ஊசி என்ற கருத்து 1891இல் எவருக்கும் புதிதன்று.

காகிதத்தைத் துளைக்கும் ஊசிக்கும் தோலைத் துளைக்கும் ஊசிக்கும் உள்ள வேறுபாடு சிறிதன்று. காகிதத்துக்கு மில்லிமீட்டரின் சிறு பகுதி அசைவு போதும். தோலோ இழுபடுவது, எதிர்ப்பது, ஊசியை விடாமல் பற்றுவது. அலுவலகப் பேனா ஒன்றைக் கடையில் வாங்கி அப்படியே பச்சை குத்தியிருக்க இயலாது. அசைவின் நீளத்தைக் கூட்டவேண்டும், ஊசியைப் பிடிக்கும் தண்டை வலுப்படுத்தவேண்டும், மை ஒழுகும் வழியை மாற்றவேண்டும். பல்மருத்துவர்கள் பற்குழியில் தங்கத்தகட்டை அடித்து அடைப்பதற்குப் பயன்படுத்திய மின்சுத்தியலும் இதே காலத்தில் வழக்கில் இருந்தது. பச்சை குத்துவோர் அதனையும் மாற்றியமைத்துக்கொண்டனர் என்ற கருத்து அண்மைக்கால ஆய்வுகளில் வலுப்பெற்றுள்ளது. கையில் அகப்பட்ட கருவியைத் தன் தொழிலுக்கு வளைத்துக்கொண்ட பலருள் காப்புரிமை அலுவலகத்தை நாடியவர் ஓ'ரைலி. அவரது பெருமையைக் குறைப்பதற்காக இது சொல்லப்படவில்லை. கண்டுபிடிப்பு என்ற சொல் இங்கு எதனைக் குறிக்கிறது என்பதைத் தெளிவுபடுத்தவே சொல்லப்படுகிறது.

மற்றொரு காரணியையும் கருதவேண்டும். 1882இல் நியூயார்க்கின் பேர்ல் தெருவில் எடிசனின் மின்நிலையம் நேர்மின்னோட்டம் வழங்கத் தொடங்கியது. நகரின் தென்பகுதியில் மின்சாரம் பரவிய பத்தாண்டுக்குள் அப்பகுதிக்கு அண்மையிலேயே இப்பொறி தோன்றியது தற்செயல் அன்று. கையால் குத்துவோர் நொடிக்கு இரண்டு மூன்று குத்துகளே குத்த இயலும். பொறி அதனைப் பன்மடங்காக்கியது. குத்திக்கொள்பவர் அமர்ந்திருக்கவேண்டிய நேரம் குறைந்தது. நேரம் குறையவே கூலியும் குறைந்தது. மாலுமிகளையும் கூலித் தொழிலாளர்களையும் நம்பியிருந்த பவுரிக் கடைகளுக்கு அதுவே தேவையாக இருந்தது.

காயிலின் ஆட்சி

லண்டனில் ஜெர்மின் தெருவில் தொழில் செய்த சதர்லாண்ட் மெக்டொனால்ட் 1894இல் மின்பொறிக்குப் பிரித்தானியக் காப்புரிமை பெற்றார். ஓ'ரைலியிடம் தொழில் பயின்ற சார்லஸ் வாக்னர் 1904 ஆகஸ்டு 23இல் 768,413 எண்ணுள்ள காப்புரிமையைப் பெற்றார். டெட்ராய்ட் நகரத்தவரான பெர்சி வாட்டர்ஸ் 1929இல் காப்புரிமை பெற்ற வடிவம், இன்று காயில் பொறி என்றவுடன் மனத்தில் தோன்றும் சட்டகத்துக்கு மிக நெருங்கியது.

காயில் பொறி வீட்டுவாசல் மின்மணியின் தத்துவத்தில் இயங்குவது. இரு கம்பிச்சுருள்களில் மின்சாரம் பாயும்போது அவை காந்தமாகி, மேலுள்ள இரும்புப் பட்டையைக் கீழிழுக்கும். பட்டை கீழிறங்கியதும் தொடுதிருகுடன் இருந்த இணைப்பு அறும், காந்தம் ஒழியும், எஃகு வில் பட்டையை மீண்டும் மேலேற்றும். பச்சைக்கடைக்கு அடையாளமாகிய ரீங்காரம் இவ்விணைப்பும் அறுப்பும் எழுப்பும் ஒலியே.

ரோட்டரியை விடுத்துத் தொழிலாளர் காயிலை ஏன் ஏற்றனர்? வலிமை என்பதே வழக்கமான விடை. ஆனால் பராமரிப்பு என்ற விடையே பொருத்தமானதாகத் தோன்றுகிறது. அக்காலச் சிறு மோட்டார்கள் கனமானவை, சூடேறுபவை. பழுதானால் கடைக்காரர் கையால் சரிசெய்ய இயலாதவை. காயில் பொறியோ சட்டகம், சுருள், வில், திருகு என உறுப்புறுப்பாகப் பிரிவது. வில்லை வளைத்தோ, திருகை அரைச்சுற்று திருப்பியோ அடியின் வேகத்தையும் வன்மையையும் மாற்றலாம். கோடிழுக்க ஒரு பொறி, நிழலிட ஒரு பொறி எனத் தன் கைக்கேற்ப இசைவித்துக்கொள்ளலாம். இசைக்கருவிக்குச் சுருதி கூட்டுவதைப் போன்ற இவ்வேலையே தொழிலறிவாகக் கருதப்பட்டது. மாணாக்கருக்கு எளிதில் கற்பிக்கப்படாத மறைபொருளாகவும் ஆயிற்று. வாட்டர்ஸ் முதலியோர் அஞ்சல்வழியே பொறிகளை விற்றனர். இல்லினாய் மாநிலத்தின் ராக்ஃபோர்டில் மில்டன் சைஸ் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பொறிகளுடன் அஞ்சல்வழிப் பயிற்சியையும் வழங்கினார். மலிவான கருவியை முகமறியாத ஒருவருக்கு விற்பது முறையா என்ற பூசல் இணைய வணிகத்துடன் பிறந்தது அன்று. அது அஞ்சல் பொதியின் காலத்ததே.

சிறையில் வாழ்ந்த ரோட்டரி

தொழிற்கூடங்களில் காயில் கோலோச்சிய காலத்தில் ரோட்டரி மறையவில்லை. அமெரிக்கச் சிறைகளில் அது தொடர்ந்து பிறந்துகொண்டே இருந்தது. ஒலிநாடாக் கருவியிலிருந்து கழற்றிய சிறு மோட்டார், பந்துமுனைப் பேனாவின் குழல், கூராக்கிய கிதார் கம்பி, வளைத்த கரண்டி அல்லது பல்துலக்கியின் தண்டு, சில மின்கலங்கள் ஆகியவற்றைக் கொண்டு கைதிகள் பொறி செய்தனர். மோட்டாரின் அச்சில் மையம் விலகி ஒட்டிய சிறு பொத்தான் கம்பியை மேலும் கீழும் அசைத்தது. மையும் அங்கேயே செய்யப்பட்டது: எண்ணெயையோ நெகிழிப் பொருளையோ எரித்துப் பெற்ற புகைக்கரியே நிறமி. எடிசனின் பெயரையே அறியாதவர்கள் எடிசனின் பேனாவை மீண்டும் மீண்டும் செய்தனர் எனலாம்.

இவ்வேழ்மைப் பொறி ஒரு கலைப்பாணியையும் ஈன்றது. ஒற்றை ஊசியும் ஒற்றை நிறமும் தவிர வேறு வழியின்மையால், கலிஃபோர்னியச் சிறைகளில் மெக்சிகோ வழிவந்த கைதிகள் மயிரிழைக் கோடுகளாலும், நீர்த்த கறுப்பின் பல படிநிலைகளாலும் உருவம் தீட்டினர். 1975இல் சார்லி கார்ட்ரைட்டும் ஜாக் ரூடியும் கிழக்கு லாஸ் ஏஞ்சலிசில் திறந்த கடை, இப்பாணியைத் தொழிற்கூடத்துக்குள் கொண்டுவந்தது. சிறைச்சீர்திருத்த நிலையங்களில் இக்கலையைக் கற்ற ஃபிரெடி நெக்ரெட்டி பின்னர் அங்குச் சேர்ந்தார். உயர்கலையாக இன்று மதிக்கப்படும் கறுப்பு-சாம்பல் பாணியின் வேர் வறுமைக் கருவியில் இருப்பதை, கருவியை ஒதுக்கி உருவத்தை மட்டும் ஆராயும் நூல்கள் சரியாக விளக்க இயலவில்லை.

தொழில்முறை ரோட்டரியின் மீட்சி ஐரோப்பாவில் தொடங்கியது. ஜெர்மனியின் மன்ஃபிரெட் கோர்ஸ் 1978-79 காலத்தில் ரோட்டரி பொறியை மீண்டும் அறிமுகப்படுத்தினார். அதற்குள் மோட்டாரின் இயல்பு மாறியிருந்தது. இரும்பு உள்ளகம் இல்லாத சிறு மோட்டார்கள் எடை குறைந்தவையாகவும் அதிர்வு குறைந்தவையாகவும் வந்தன. 2000க்குப் பின் பெர்லினைச் சேர்ந்த எம்டி.டெர்ம் நிறுவனம் செயென் என்ற பெயரில் விற்ற பொறிகள், ஊசியும் அதன் உறையும் ஒன்றாக அமைந்து ஒருமுறை பயன்படுத்தியபின் எறியப்படும் கார்ட்ரிட்ஜ் முறையைப் பரவலாக்கின. அதே அமைப்பைச் சீனத் தொழிற்சாலைகள் எளிமையாக்கிப் பேனா வடிவில் பெருமளவில் செய்யத் தொடங்கியபோது, பயில்வோரின் முதற் பொறி என்ற இடத்தைக் காயிலிடமிருந்து ரோட்டரி எடுத்துக்கொண்டது.

மலிவு எதில் ஒளிந்திருக்கிறது

ஒரே தோற்றமுடைய இரு ரோட்டரி பேனாக்களின் விலை பத்து மடங்கு வேறுபடக் காணலாம். புறவுடலைக் கொண்டு இவ்வேறுபாட்டை அறிய இயலாது. உள்ளே இருப்பவை மூன்றே உறுப்புகள்: மோட்டார், அதன் அச்சில் பொருந்திய மையவிலகு வட்டு, வட்டின் அசைவை ஊசிக்குக் கடத்தும் உந்துதண்டு. விலையைக் குறைப்பதும் இம்மூன்றில்தான் நிகழ்கிறது.

வட்டின் முளை மையத்திலிருந்து எவ்வளவு விலகியுள்ளதோ அதன் இருமடங்கே ஊசியின் வீச்சு. 1.75 மி.மீ. விலகல் 3.5 மி.மீ. வீச்சைத் தரும். இதனைப் பொதுப்பயன்பாட்டு அளவாகக் கொள்வர். மென்மையான நிழலுக்கு 2.5 முதல் 3 மி.மீ. வரையிலும், தடித்த கோட்டுக்கு 4 மி.மீ. அல்லது அதற்கு மேலும் விரும்பப்படும். வீச்சையும் ஆழத்தையும் ஒன்றெனக் கொள்வது புதியோர் செய்யும் பெரும்பிழை. 3.5 மி.மீ. வீச்சுள்ள ஊசி 3.5 மி.மீ. ஆழம் இறங்கவேண்டும் என்பதில்லை, இறங்கவும் கூடாது. குழலின் விளிம்புக்கு வெளியே ஊசி எவ்வளவு நீள்கிறது என்பதும், கை எவ்வளவு அழுத்துகிறது என்பதுமே ஆழத்தை வரையறுக்கின்றன. வீச்சு உயர்ந்தால் உயர்வது ஊசியின் வேகம். நொடிக்கு 100 சுழற்சியும் 3.5 மி.மீ. வீச்சும் உடைய பொறியில் ஊசியின் உச்சவேகம் நொடிக்கு ஏறத்தாழ 1.1 மீட்டர். வீச்சு 4.5 மி.மீ. ஆனால் அது 1.4 மீட்டராகும். தோல் உணரும் அடி இவ்வேறுபாட்டைப் பொறுத்தது.

கையின் வேகமும் இத்துடன் இணைத்து எண்ணப்படவேண்டும். நொடிக்கு 100 குத்து விழும்போது கை நொடிக்கு 25 மி.மீ. நகர்ந்தால் குத்துகளின் இடைவெளி கால் மில்லிமீட்டர்; கோடு தொடர்ச்சியாகத் தெரியும். கை இருமடங்கு விரைந்தால் இடைவெளி அரை மில்லிமீட்டராகிக் கோடு புள்ளிகளாகச் சிதறும். கை தயங்கினால் ஒரே இடம் மீண்டும் மீண்டும் துளைக்கப்பட்டுத் தோல் கிழியும். மின்னழுத்தத்தைக் கூட்டுவதும் குறைப்பதும் இவ்விரண்டையும் இணங்கச் செய்வதற்கே. பெரும்பாலான பொறிகள் 5 முதல் 12 வோல்ட்டுக்குள் இயங்குபவை. ஒரு பொறிக்கு 7 வோல்ட்டில் கிடைக்கும் வேகம் மற்றொன்றுக்கு 9இல் கிடைக்கலாம். ஆதலால் வோல்ட் எண்ணை மட்டும் கேட்டு மனப்பாடம் செய்வது பயனற்றது.

மலிவான மோட்டாரின் குறை வெறுங்காற்றில் ஓடும்போது வெளிப்படாது. ஊசி தோலின் எதிர்ப்பைச் சந்திக்கும்போது சுழற்சி தளரும். பல ஊசிகள் கொண்ட அகன்ற கார்ட்ரிட்ஜைப் பொருத்தும்போது தளர்ச்சி மிகும். குத்துபவர் அதனை ஈடுகட்ட மின்னழுத்தத்தை உயர்த்துவார், தோலை விட்டு எடுத்தவுடன் பொறி கட்டின்றிப் பாயும், மோட்டார் சூடேறும். விலை உயர்ந்த பொறிகளில் ஃபவுல்ஹாபர், மாக்சான் போன்ற நிறுவனங்களின் மோட்டார்கள் இடம்பெறுவது இதனால்தான். எனினும் அப்பெயர்கள் பொறிக்கப்பட்டிருப்பது மட்டும் சான்றாகாது. அச்சு விளையாட்டு, அதாவது ஊசிமுனை பக்கவாட்டில் ஆடும் ஆட்டம், வாங்குபவர் தம் கண்ணாலேயே சோதிக்கத்தக்கது. பொறியை மெல்ல ஓடவிட்டு ஊசிமுனையை நோக்கினால் அது ஒரே நேர்கோட்டில் ஏறியிறங்கவேண்டும். நீள்வட்டம் தெரிந்தால் தாங்கியோ உந்துதண்டின் வழியோ தளர்ந்துள்ளது என்று பொருள். கோடு தடிப்பதற்குக் கையைப் பழிப்பவர் பலர். குற்றம் சில மைக்ரான் இடைவெளியில் இருப்பதுண்டு.

நெகிழ்வு என்பது மற்றொரு செய்தி. காயில் பொறியின் வில், எதிர்ப்பு மிகும்போது சற்றே விட்டுக்கொடுக்கும். நேரடி இயக்க ரோட்டரி விட்டுக்கொடுக்காது. வட்டு சுழலும்வரை ஊசி முழு வீச்சும் சென்றே தீரும். மலிவு பொறிகள் பெரும்பாலும் நேரடி இயக்கத்தவை. தேர்ந்த கைக்கு அது நேர்மையான கருவி. பயிலும் கைக்கோ, தவறு முழுவதையும் தோலிலேயே எழுதிவிடும் கருவி. பொறி மலிவு என்பதால் அது புதியவருக்கு உகந்தது என்ற முடிவு இங்கே தடுமாறுகிறது. செயற்கைத் தோலிலும் பன்றித்தோலிலும் நெடுநாள் பயிற்சி என்ற பழைய விதியை, இவ்வகைப் பொறி தளர்த்தவில்லை, இறுக்கியே உள்ளது.

காணப்படாத சவ்வு

மேல்தோல் சில வாரங்களில் உதிர்ந்து புதுப்பிக்கப்படுவது. நிறமி நிலைக்க அதன்கீழுள்ள உள்தோலை எட்டவேண்டும். இடத்துக்கு இடம் தோலின் தடிமன் மாறினும் 1 முதல் 2 மி.மீ. ஆழம் பொதுவாகச் சுட்டப்படுகிறது. அங்கே நிறமியை மேக்ரோஃபேஜ் எனும் காப்புச் செல்கள் விழுங்கிக்கொள்கின்றன. அவை மடியும்போது வெளியாகும் நிறமியைப் புதிய செல்கள் மீண்டும் விழுங்குகின்றன என்பதை மார்செய் ஆய்வாளர்கள் 2018இல் எலிகளில் காட்டினர். பச்சை என்பது தோலில் உறைந்த மை அன்று. உடலின் ஓயாத கைமாற்று. அவ்வளவு உயிரோட்டமுள்ள இடத்துக்குள் ஊசி நுழைகிறது என்பதால்தான் தூய்மை இத்தொழிலின் உயிர்நாடியாகிறது.

கல்லீரல் அழற்சி நோய் பரவலைக் காரணம் காட்டி நியூயார்க் நகரம் 1961இல் பச்சை குத்துவதைத் தடை செய்தது. மின்பொறி பிறந்த நகரிலேயே அத்தொழில் 1997 வரை சட்டத்துக்குப் புறம்பாக இருந்தது. காயில் காலத்தில் எஃகுக் குழல்களைக் கழற்றி நீராவி அழுத்தக்கலத்தில் 121 பாகை செல்சியசில் தூய்மிக்க இயன்றது. ரோட்டரி பேனாவின் உடலை அவ்வாறு செய்ய இயலாது. உள்ளே மோட்டார் உள்ளது. ஆகவே தூய்மையின் பொறுப்பு முழுவதும் கார்ட்ரிட்ஜின்மீது விழுந்தது. ஊசி மேலெழும்போது மையும் குருதியும் கலந்த நீர் குழலுள் உறிஞ்சப்படும். அதனைப் பொறியின் உட்பகுதிக்குச் செல்லவிடாமல் தடுப்பது கார்ட்ரிட்ஜினுள் உள்ள மெல்லிய சவ்வு. சவ்வில்லாத கார்ட்ரிட்ஜும் சந்தையில் உண்டு. அதன் விலை சற்றே குறைவு. அதனைப் பயன்படுத்தினால் ஒருவரின் குருதி உந்துதண்டின் குழிக்குள் சேர்ந்து, மறுநாள் புதிய ஊசியுடன் அமரும் மற்றொருவரை அடைய வழியுண்டு. புதிய ஊசியின் உறை கிழிக்கப்படுவதைக் கண்டு மனநிறைவு கொள்ளும் அவர் பொறியின் உட்புறத்தைக் காண்பதில்லை.

விலைக்கணக்கும் இங்கு மாறுகிறது. காயில் பொறி ஒருமுறை வாங்கியபின் வில்லும் திருகுமாகப் பல்லாண்டு ஓடியது. மலிவு ரோட்டரியின் விலை சிறிது. அது தின்னும் கார்ட்ரிட்ஜ்களின் விலையோ முடிவற்றது. வாங்கும் தொகையில் பொறிக்கு ஒதுக்கியதைக் குறைத்து, சவ்வுள்ள கார்ட்ரிட்ஜுக்கும் உடலைச் சுற்றும் நெகிழி உறைக்கும் நிலையான மின்வழங்கிக்கும் மிகுதியாக ஒதுக்குபவரே பொருளறிந்து வாங்குபவர். நடைமுறையில் நிகழ்வது பெரும்பாலும் இதன் மறுதலை.

குறத்தியின் ஊசியும் திருவிழாப் பொறியும்

தமிழகத்தில் பச்சை குத்தும் தொழில் நெடுங்காலம் குறவர் இனப் பெண்களின் கையில் இருந்தது. சென்னை அரசு அருங்காட்சியகக் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இத்தொழிலைப் பதிவு செய்துள்ளார். மஞ்சள்தூளையும் அகத்தி இலையையும் சேர்த்து அரைத்து, மெல்லிய துணியில் பரப்பித் திரியாக்கி, விளக்கெண்ணெயில் எரித்து, புதிய மண்பானையைக் கவிழ்த்துப் படியும் கரியைச் சுரண்டி, தாய்ப்பாலிலோ நீரிலோ குழைப்பது மை செய்யும் முறை. நூலால் சேர்த்துக் கட்டிய தையல் ஊசிகளே கருவி. கருவியின் ஒவ்வொரு உறுப்பும் குத்துபவரின் உடைமை. எதற்கும் அவர் பிறரைச் சார்ந்திருக்கவில்லை. தூய்மை குறித்த இன்றைய அறிவு அக்கருவிக்கு இல்லை என்பதும் மறுக்கப்படலாகாது.

அவ்விடத்தை இன்று திருவிழாக் கடைகளில் மின்கலத்தால் ஓடும் சிறு ரோட்டரி பொறி பிடித்துள்ளது. பலகையில் ஒட்டிய உருவங்கள், ஒரு மைக்கிண்ணம், ஒரு பொறி, சில நிமிடங்களில் ஒரு பெயர். நகரத்து டாட்டூ நிலையங்களின் பேனாவும் திருவிழாக் கடையின் பொறியும் இயக்கத்தால் ஒன்றே. இரண்டிலும் சுழல்வது ஒரு மையவிலகு வட்டு. வேறுபாடு ஒவ்வொருவருக்கும் ஊசி மாற்றப்படுகிறதா, மைக்கிண்ணம் மாற்றப்படுகிறதா என்பதில் உள்ளது. கார்ட்ரிட்ஜ் ஒன்றின் விலை அங்கு வாங்கப்படும் கூலியோடு ஒப்பிடத்தக்க அளவினதாக இருக்கும்வரை அம்மாற்றம் எளிதில் நிகழாது.

மையின் கதை மட்டும் மாறவில்லை. மண்பானையில் படிந்த விளக்குக்கரியும், சிறைக்கைதி எரித்துப் பெற்ற புகைக்கரியும், தொழிற்சாலைக் கறுப்பு மையின் நிறமியும் வேதியியலில் ஒன்றே; கரிமம். உள்தோலில் தங்கிய கரிமத்தின்மீது படும் ஒளியில் நீளலைகள் விழுங்கப்பட, குற்றலைகள் மேற்றோலால் சிதறடிக்கப்பட்டு மீள்கின்றன; அதனால் கறுப்பு நிறமி வெளியே நீலம் கலந்த பசுமையாகத் தோன்றுகிறது. கருநிற மையால் குத்தியதற்குத் தமிழில் பச்சை என்ற பெயர் அமைந்தது இத்தோற்றத்தாலாகலாம். மிக விலையுயர்ந்த ரோட்டரி பேனாவால் கருங்கோடாக இழுத்ததும் சில ஆண்டுகளில் அந்நிறத்தையே சாரத் தொடங்குகிறது.